வால்கனம்

மார்ச் 4
இரட்டைச் சிறகு விமானம் முடிந்துவிட்டது. அசலை அப்படியே ஆறில் ஒரு பங்காகச் சுருக்கி நான் செய்த மாதிரி. மருந்துக்கடை வேலை முடிந்து வந்ததும், இறக்கைக்கு அடியில் குறித்திருந்த இடத்தில் இரண்டு விரல்களைக் கொடுத்துத் தூக்கினேன். மூக்கு லேசாகத் தாழ வேண்டும். வால் தொப்பென்று கீழே போனது.

மார்ச் 5
பேட்டரியை முன்னால் தள்ளி, மூக்கிலுள்ள மோட்டாரோடு ஒட்டி வைத்தேன். அதற்கு மேல் இடமில்லை. அப்போதும் வால்தான் கீழே.

காரணம் தெரியாமல் இல்லை. வால் முழுக்க என் வீட்டுக்காரர் அடித்த பெயிண்ட். கடைப் பலகை எழுதுகிற மனிதர், மணிக்கட்டு முறிந்து மாதக்கணக்கில் வீட்டில் கிடந்தார். கட்டுப் பிரித்த பிறகு முதலில் வரைந்தது இந்த வாலைத்தான். கோடு பிசிறு தட்டுகிறதென்று ஒன்றின் மேல் ஒன்றாக அடித்துக்கொண்டே போனார். அதைப் போய்ச் சுரண்டுங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

மார்ச் 8
மூக்கில் ஈயம் வைத்தேன். வால் நீளம், மூக்கு குட்டை. அங்கே ஒரு கிராம் கூடினால் இங்கே மூன்று கிராம் கேட்கிறது. சமநிலை வந்துவிட்டது. விமானம்தான் செங்கல்லாகிவிட்டது.

பறக்கவிடப் போகிறவள் தங்கை. தூக்கிப் பார்த்தாள். "இது பறக்காதுக்கா, விழும். மாமாகிட்ட சொல்லிடு. கடையில கசப்பு மருந்து எடுத்துக் கொடுக்கிறப்ப இப்படித்தான் மனசு பார்ப்பியா?"

மார்ச் 9
சொல்லவில்லை.

மார்ச் 11
அவரே கண்டுபிடித்துவிட்டார். மோட்டார் மூடியைக் கழற்றி, ஈயத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "இது எதுக்கு?"

சொன்னேன்.

"என் மீசை நல்லாயில்லைன்னு கல்யாணத்தன்னைக்கே சொன்னவ நீ. வால் கனமா இருக்குன்னு சொல்ல இத்தனை நாளா?"

"கை சரியானப்புறம் முதல்ல வரைஞ்சதுங்க அது."

"சரியாயிடுச்சுல்ல? அப்ப இன்னொரு தடவை வரைய மாட்டேனா?"

உப்புத்தாளை வாங்கி, விசிலடித்துக்கொண்டே தேய்த்தார். நான் ஏன் அழுதேனோ, தெரியவில்லை.

மார்ச் 14
ஒரே பூச்சு. கோடு பிசிறில்லாமல் நின்றது. ஈயம் முக்கால்வாசி வெளியே வந்துவிட்டது. விரல் நுனியில் தூக்கினேன். மூக்கு மெல்லத் தாழ்ந்து, அப்படியே நின்றது.

மார்ச் 17, ஞாயிறு
காற்றே இல்லை. புல்லில் கொஞ்ச தூரம் ஓடியது. சக்கரம் தரையை விட்டதே தெரியவில்லை. ஒரு சுற்று முடிந்ததும் தங்கை ரிமோட்டின் குச்சிகளிலிருந்து விரலை எடுத்துக் காட்டினாள். "மாமா, பாருங்க. நான் ஒண்ணும் பண்ணலை." அது பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. அவர் அண்ணாந்தபடியே நின்றார்.

மார்ச் 18
காலையில் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரில் எழுதவாம், கை முறிந்த பிறகு முதல் வேலை. நல்ல நீளம் என்றார்.