நாற்பத்தோரு உயில்கள் இருந்த கணினி

மினாஸ், ஆகஸ்ட் 9

அன்பு மகள் மரிசேலுக்கு,

நானும் உன் அம்மாவும் பூமியின் இந்தத் தென்பாதிக் குளிரிலும் சுகமாகவே நடமாடுகிறோம். சுவீடனின் கோடையில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். குறிப்பெழுதிக்கொள்ளாமல் எழுதினால் எனக்கு எதுவும் ஒழுங்காக வராது என்பது உனக்குத் தெரியும், ஆகவே முதலில் குறிப்புகள்:

1. எங்கள் உடல்நிலை.
2. பழைய கணினியில் இருந்தவற்றை அழித்து விற்ற விவரம்.
3. அதை வாங்கிய தார்தோ பிந்தோஸ் நம்பத்தகாதவன் என்பது.
4. உன் கணினியை விற்கப்போவதாக எழுதியிருந்தாயே, அதற்கு என் யோசனை.

முதலாவது சுருக்கமானது. என் முழங்கால் படியேற மட்டும் மறுக்கிறது. அம்மாவுக்கு இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, உப்பைக் குறைக்கச் சொன்ன டாக்டரை மட்டும் கட்டுக்குள் வைக்க முடியவில்லை என்கிறாள். மழை பெய்தால் ஊர் வழக்கப்படி உப்பு ரொட்டி பொரிக்கிறாள், நானும் தடுப்பதில்லை.

இரண்டாவதுதான் என்னை மூன்று வாரம் தூங்கவிடாத விஷயம். நோட்டரி அலுவலகத்தை மூடியபோது பதிவேடுகளையெல்லாம் முறைப்படி ஒப்படைத்துவிட்டேன், ஆனால் உயில்களை நான் தட்டச்சு செய்த அந்தக் கணினி வீட்டுக்கு வந்துவிட்டது. அதில் நாற்பத்தோரு உயில்களின் நகல்கள் இருந்தன, எழுதியவர்களில் இருபத்தாறு பேர் இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள், ரொட்டிக் கடையில் என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள். அவர்கள் என்னை நம்பிச் சொன்னது வெளியே போனால் நாற்பது வருட வேலையில் மிச்சம் ஒன்றுமில்லை. கணினி வேண்டுமென்று கேட்டு வந்தவனோ இறைச்சிக் கடை தார்தோ. அவனுடைய அத்தை சுல்மா என்னிடம் உயில் எழுதியவள். அதை அவளே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டதால் நானும் சொல்கிறேன், அதில் என்ன இருக்கிறது என்பதை உனக்கும் எழுத மாட்டேன்.

நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். உன் படங்களைத் தனி வட்டில் எடுத்துவைத்தேன், மின்னஞ்சலிலிருந்து வெளியேறினேன், சேமித்திருந்த கடவுச்சொற்களை நீக்கினேன், கோப்புகளை அழித்துக் குப்பைக்கூடையையும் காலி செய்தேன். அப்புறமும் சந்தேகம் தீராமல் பழுதுபார்க்கும் மிர்தாவிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவள் ஏதோ ஒரு நிரலை ஓடவிட்டாள், பத்தே நிமிடத்தில் சுல்மாவின் பெயர் திரையில் வந்து நின்றது. அழிப்பது என்றால் பெயர்ப் பட்டியலிலிருந்து எடுப்பது மட்டும்தானாம், கதவு எண்ணைக் கழற்றிவிட்டால் வீடு போய்விடுமா என்று கேட்டாள். பிறகு கணினியின் வட்டு முழுவதன் மேலும் வெறும் பூஜ்யங்களை எழுதவைத்தாள். வியாழக்கிழமை முழுக்க ஓடியது. மறுநாள் இன்னொரு முறை செய்யச் சொன்னேன், அதன்பின் கணினி ஓடத் தேவையானதை அவளே புதிதாக ஏற்றிக் கொடுத்தாள். கொலை செய்துவிட்டு இரத்தம் கழுவுகிறவன்கூட இத்தனை தரம் துடைக்க மாட்டான் என்றாள் உன் அம்மா.

மூன்றாவதற்குக் காரணம் இது: தார்தோ இரண்டு முறை வந்து, எதையும் தொட வேண்டாம், இருக்கிறபடியே கொடுங்கள் என்று வற்புறுத்தினான். இருக்கிறபடியே ஏன் வேண்டும்? அத்தையின் வீடு சதுக்கத்தை ஒட்டியது, நல்ல விலை போகும். எனக்கு அதற்குமேல் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கணினியை எடுத்துக்கொண்டு போகும்போது அவன் சிரித்ததுகூட எனக்குப் பிடிக்கவில்லை. நீ ஊருக்கு வரும்போது அவனிடம் பார்த்துப் பேசு.

இந்த இடத்தில் நேற்று எழுந்து போக வேண்டியதாயிற்று. வாசலில் தார்தோ நின்றான், கையில் இறைச்சி சுற்றும் தாளில் மடித்த ஏதோ ஒன்று. உன் அம்மா அவனை அடுப்படிக்கே அழைத்து வந்து மாத்தே இலைத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். பொட்டலத்தை நான் பிரித்தேன். உள்ளே ஒரு குறுந்தகடு, மேலே என் கையெழுத்தில், என் அழகான கையெழுத்தில், "உயில்கள், நகல்" என்று எழுதியிருந்தது. கணினியில் தகடு செருகும் தட்டிலேயே கிடந்திருக்கிறது, மகளே. வட்டை இரண்டு முறை துடைத்த நான் அந்தத் தட்டைத் திறந்து பார்க்கவில்லை. மிர்தாவும் பார்க்கவில்லை, பார்க்கச் சொல்ல வேண்டியவன் நான்தான்.

அதைப் போட்டுப் பார்த்தாயா என்று கேட்கத்தான் நினைத்தேன். அவனே என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"போட்டுப் பாக்கல, நோட்டரி ஐயா. பாத்திருந்தா ஞாயித்துக்கெழம அத்தை வீட்டுச் சாப்பாடு தொண்டையில எறங்காது. வீடு எனக்குன்னு இருந்தாலும் எறங்காது, இல்லேன்னாலும் எறங்காது."

ஏன் அப்படியே வேண்டுமென்று கேட்டாய் என்று அம்மாதான் கேட்டாள், எனக்குத் துணிவில்லை. போன வருடம் ஒருவர் அவனுக்குச் சுத்தமாகத் துடைத்துக் கொடுத்த கணினி கடைசிவரை உயிர் பெறவேயில்லையாம். சிலி நாட்டில் இருக்கும் மகனைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு எண்ணமில்லை. பையன் தாடி வைத்திருக்கிறானாம், கைபேசியில் அது அழுக்கு மாதிரி தெரிகிறதாம். கோழி வெட்டும் கத்தரியால் அந்தத் தகட்டை அவன் எதிரிலேயே துண்டுகளாக்கினேன். பாதியை அவன்தான் வெட்டினான்.

நான்காவது: உன்னுடையது புது வகை, முழுவதையும் அழிக்கும் வழி அதன் அமைப்புக்குள்ளேயே இருக்கிறது என்கிறாள் மிர்தா, அதைச் செய். செய்வதற்கு முன் எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறு. செய்து முடித்தபின் ஏதாவது சொருகியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார். யோசனை சொல்ல நான் தகுதியானவனா என்று தெரியவில்லை, இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

நீ நீண்ட நாள் சுகத்தோடும் மனநிறைவோடும் வாழ எங்கள் ஆசி. வீடு மாறினதும் புது முகவரியை எழுது, செப்டம்பர் பதினாறு அம்மாவின் பிறந்தநாள், அன்று அவள் கேட்கும்வரை காத்திருக்காமல் கூப்பிடு.

பத்திரத்தில் பிழை வந்தால் நோட்டரிகளான நாங்கள் சுரண்டி அழிப்பதில்லை. கையெழுத்துக்கு மேலே அதை ஒப்புக்கொண்டு எழுதுவோம், பிழையும் படிக்கும்படி அங்கேயே இருக்கும். ஆகவே: மேலே மூன்றாவதாக எழுதியது தவறு, செல்லாது.

உன் அப்பா,
ஒவிதியோ லரோசா