ஆடிக்காற்றுக்குச் சாத்திய ஜன்னல்

ஜூலை 22, செவ்வாய்

காலையிலிருந்தே ஆடிக்காற்று. உறுதியானது: போன வாரம் மகள் நித்யாவின் கிளினிக்கில் பல் சுத்தம் செய்துகொண்ட, போர்வெல் போடும் ரிக் லாரி டிரைவருக்குக் காசநோய். சளிப் பரிசோதனையில் கிருமி. சொன்னது அவரே, போனில், அவளிடம். மதியம் சுகாதார ஊழியரும் வந்து சொல்லிவிட்டார்.

நித்யாவுக்கு எட்டாம் மாதம்.

டிரைவர் போனில் சிரித்தாராம். "பல்லு மட்டும் பளிச்சுன்னு இருக்குதுங்க டாக்டரம்மா, உள்ளதான் செரியில்லீங்களாமா." பிறகு மெதுவாக, "நீங்களும் ஒருக்கா பாத்துக்கங்க. வயித்துப்புள்ளக்காரி."

நிருபராக இருந்த பழக்கம், செய்திக்குக் கேட்பதுபோலத்தான் நித்யாவிடம் கேட்டேன். வேறு மாதிரி கேட்க வரவில்லை.

"அன்னிக்கு இருமுனாரா சாமி?"

"இருமுனாருங்கப்பா. ரிக்குத் தூசின்னாரு. திருச்செங்கோட்டுல ரிக்குல போறவங்க யாரு இருமாம இருக்கறாங்க? நானும் நம்பிட்டேன்."

"ஜன்னல்?"

"தொறந்தா கண்ணெல்லாம் மண்ணு. சாத்திட்டு ஏசி போட்டிருந்தேன்."

உதவிக்கு இருக்கும் கலா ஊரில் இல்லை. கல்யாணமாகி முதல் ஆடி, அம்மா வீடு. மிஷின் கிளப்பும் சாரலை இழுக்கிற பெரிய உறிஞ்சுகுழாயைப் பிடிக்க ஆளில்லை. எச்சில் இழுக்கும் சின்னக் குழாய் மட்டும் அவர் வாயில். மூச்சு முட்டுகிறதென்று நித்யா கெட்டி மாஸ்க்கும் போடவில்லை.

நித்யாவின் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. ஒன்பதாம் மாத வளைகாப்புக்குப் புடவை எடுக்க எப்போது போகலாம் என்கிறாள்.

ஜூலை 23, புதன்

சேலம். நெஞ்சக டாக்டர் நிதானமானவர். "காசம் முக்கியமா இருமல்லதான் பரவுது. மிஷின் கிளப்புன சாரல் எவ்வளவு சேத்துச்சுன்னு சொல்ல முடியாது. மூடுன ரூம்தான் எனக்குக் கவலை." ரத்தம் எடுத்தார்கள்.

சாயங்காலம், ஆளில்லாத கிளினிக். பல் சுத்தம் செய்யும் மிஷினை வெறுமனே ஓட்டிக் காட்டும்படி நித்யாவிடம் சொன்னேன். டார்ச் அடித்தேன். வெளிச்சத்தில் மெல்லிய சாரல், அவள் முகம் குனிந்திருக்கும் உயரம் வரை. பெரிய குழாயைக் கிட்டே பிடித்தேன். புகைபோல வளைந்து பெரும்பாலும் உள்ளே போனது.

"போதுங்கப்பா, டார்ச்ச அணைங்க."

செய்ய வேண்டியது: எக்ஸாஸ்ட் ஃபேன். ஜன்னலுக்கு மெல்லிய வலை. கெட்டி மாஸ்க். முதலில் வாய் கொப்பளிக்கும் மருந்து. கலா இல்லாவிட்டால் மிஷின் வேண்டாம், கைக்கருவி போதும். இருமுகிறவர் முதலில் சளி பார்த்துவிட்டு வரட்டும், எந்தத் தூசியானாலும்.

எல்லாம் இனி வருகிறவர்களுக்கு.

ஜூலை 24, வியாழன்

காற்று நிற்கவில்லை. பால் வாங்கி வரும்போது நித்யா போன். பேச்சின் நடுவே இருமினாள். இரண்டு தரம்.

"என்ன சாமி?"

"ஒண்ணுமில்லீங்கப்பா. தூசி."

கிருமி ஒட்டியிருந்தாலும் ஒரு வாரத்தில் இருமல் வராது என்று டாக்டர் சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன். எடுத்துப் படித்தேன். மறுபடியும் படித்தேன்.

நிலுவை: ரத்த முடிவு, நாளை மாலை. இல்லை என்று வந்தாலும் முடிந்ததாகாது. கிருமி ஒட்டியிருந்தாலும் ரத்தத்தில் தெரிய நாளாகுமாம்; எட்டு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். பிரசவத்துக்குச் சொல்லியிருப்பதும் அந்த வாரம்தான்.