இரட்டைச் சைக்கிளின் முன் இருக்கை

ஏப்ரல் 13, சனி

ஐம்பத்திரண்டு கிலோமீட்டர். தென்மேற்குக் காற்று. திரும்பும் வழியில் பள்ளிக்கூடத்தருகே ஒரு வேகத்தடை. "மேடு" என்று நான் சொல்வதற்குள் ஏறி இறங்கிவிட்டோம். சொல்லியிருந்தால் பின்னிருக்கையில் ரூலீன் சற்றே எழும்பிக்கொண்டிருப்பாள். சொல்லாததால் அடி முழுவதும் அவள் முதுகெலும்புக்குப் போனது. பார்வையில்லாத ஒருத்திக்கு முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவளுக்கு இதைவிட முக்கியமான வேலை இல்லை.

"சொல்லிட்டுக் குலுக்கணும், அலெய்ட். குலுக்கிட்டுச் சொன்னா அது செய்தி வாசிக்கறது," என்றாள்.

மர நிழல், தெரியவில்லை என்றேன். அந்தத் தெருவில் மரம் கிடையாது.

ஏப்ரல் 15, திங்கள்

எங்கள் இரட்டைச் சைக்கிள் சங்கச் செயலாளர் சீப்ராண்டிடமிருந்து மின்னஞ்சல். "பின்னிருக்கை உறுப்பினர் ஒருவர் தெரிவித்த கவலையை முன்னிட்டு, கண் பரிசோதனைச் சான்று தரும்வரை தாங்கள் முன்னிருக்கையில் அமர வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்."

பின்னிருக்கை உறுப்பினர் ஒருவர்! ஏழு வருடமாக எனக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது ஒரே ஒருத்திதான்.

உடனே அழைத்தேன். "என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். மூணு சனிக்கிழமை சொன்னேன். ஒரு தடவ வெயில்னு சொன்ன. ஒரு தடவ தூக்கம் இல்லன்னு சொன்ன. போன வாரம் மர நிழல்னு சொன்ன. நிழல்ல போனா மொகத்துல குளிரும்டி. எனக்குத் தெரியாதா?"

"அதுக்காகப் புகார் எழுதுவியா?"

"நீ காதுல வாங்கல. சீப்ராண்ட் வாங்கினார். எனக்கு முதுகு ஒண்ணுதான் இருக்கு."

வைத்துவிட்டேன். நகராட்சியில் நாள் முழுக்க தொலைபேசியில் ஊர்ப் புகாரைப் பதிவுசெய்கிறவள். என்னையும் ஒரு கோப்பாக்கிவிட்டாள். எவ்வளவு திமிர்! மழையிலும் ஆலங்கட்டியிலும் யார் ஓட்டினது? நான்தானே?

ஏப்ரல் 18, வியாழன்

கண்ணாடிக்கடை. கண் பரிசோதிக்கிற ஒக்கெமா நிதானமான மனிதர். அந்த நிதானமே எரிச்சலாக இருந்தது. கிட்டப்பார்வை கொஞ்சம் கூடியிருக்கிறது. அத்துடன் வயதுக்கேற்ற வெள்ளெழுத்து. "நாப்பத்தொம்பதுல இது எல்லாருக்கும் வர்றதுதான், மேடம்." எல்லாருக்கும் வருகிறது என்றால் எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டுமா?

"சைக்கிள்ல போறப்ப இதே கண்ணாடிதான் போடுறீங்களா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். இல்லை. சைக்கிளில் போடுவது பத்து வருடத்துக்கு முந்தைய பழைய கண்ணாடி. அதன் பவர் குறைவு, தூரம் மங்கல். ஆனால் அதைப் போட்டால்தான் ஹேண்டில்பாரில் ஒட்டிய வழிச்சீட்டைப் படிக்க முடிகிறது. எங்கள் பாதைகளில் ஒவ்வொரு சந்திக்கும் ஓர் எண். அடுத்த எண் தெரியாவிட்டால் திசை தெரியாது. சரியான கண்ணாடியைப் போட்டால் சாலை பளிச்சென்று இருக்கிறது, எண்கள் மட்டும் எறும்புக் கூட்டம். ஓட்டிக்கொண்டே கழற்றிப் படிக்க முடியுமா? ஆகவே சீட்டைத் தேர்ந்தெடுத்தேன். வேகத்தடையை விட்டுவிட்டேன்.

இரண்டு வருடமாக.

ஏப்ரல் 27, சனி

ஊரெல்லாம் ஆரஞ்சு நிறம், அரசர் பிறந்தநாள். கூட்டம் இல்லாத பாதையில் என் ஒற்றைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஒக்கெமா செய்துகொடுத்த ப்ராக்ரஸிவ் கண்ணாடியைச் சோதித்தேன். மேலே தூரம், கீழே கிட்டம், நடுவில் ஏதோ. சீட்டு தெரிகிறது. ஆனால் முன்சக்கரத்துக்கு அடுத்த தரை குளத்தில் கிடப்பதுபோல் அலைகிறது. பக்கவாட்டில் பார்த்தால் பாதை நடுவே நட்ட கம்பம் வளைகிறது. அந்தக் கம்பங்களில் மோதி இந்த நாட்டில் எத்தனை பேர் எலும்பை உடைத்துக்கொள்கிறார்கள்! வளைந்து தெரிந்தாலும் இரும்பு இரும்புதானே?

"பழகிடும்" என்கிறார் ஒக்கெமா. என்னை நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்து அளந்தவர். சைக்கிளில் நான் எப்படிக் குனிந்திருப்பேன் என்று கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை என்பது வேறு.

என் கணவர் வீகர் தன் சைக்கிளில் பின்னால் வந்துகொண்டே, "பேசாம மின்சார சைக்கிள் வாங்கிடேன்," என்றார். கண் பிரச்சினைக்கு மோட்டார்! இருபது வருடமாக இந்த மனிதரோடு குடித்தனம் செய்கிறேன்.

மே 4, சனி

கான்டாக்ட் லென்ஸ். வலக்கண்ணில் தூரத்துக்கு, இடக்கண்ணில் கிட்டத்துக்கு. "மூளையே பிரிச்சு எடுத்துக்கும்," என்றாள் கடைப்பெண். என் மூளை பிரித்து எடுத்துக்கொண்ட அழகு: காலையில் காபியைக் கோப்பைக்கு அரை அங்குலம் தள்ளி மேசையில் ஊற்றினேன். ஆழம் போய்விட்டது. பாதையை மறிக்கும் மாட்டுக் கேட் பத்து அடியா இருபது அடியா என்று தெரியாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். மேட்டுப்பாதையில் எதிர்காற்று. இடக்கண் காய்ந்து, லென்ஸ் கன்னத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

எனக்குப் பின்னால் இன்னொருத்தி இருந்திருந்தால்?

மே 8, புதன்

லேசர் சிகிச்சை பற்றிய விளக்கக் கூட்டம். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்குத் திருப்தி என்று திரையில் பெரிய எழுத்து. மீதி நாலு பேருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார். விடாமல் கேட்டதில் ஒன்றை ஒப்புக்கொண்டார்: தூரம் சரியாகும். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிக்கிற வசதி போய்விடும். படிக்கத் தனியாகக் கண்ணாடி வேண்டும்.

அதாவது, அறுத்துக்கொண்டு வந்தாலும் சீட்டு தெரியாது.

மே 11, சனி

வேலை நாள் இல்லைதான், ஆனாலும் நான் வேலை பார்க்கும் நீர்வாரியத்தின் காரில் மதகைப் பார்க்கப் போனேன். கரைமேல் எங்கள் நீல இரட்டைச் சைக்கிள். முன்னால் சீப்ராண்ட், பின்னால் ரூலீன். அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த ஆளிடம் சிரிக்க என்ன இருக்கிறது?

மதகின் அளவைத் தப்பாகக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். இனி நான் முன்னால் உட்காரவே போவதில்லையோ?

மே 12, ஞாயிறு

மதியம் அழைப்பு மணி. வெள்ளைக் கோலோடு ரூலீன். சொல்லாமல் வந்தாள். இந்த ஊரில் யாரும் செய்யாத காரியம். காபியும் ஒரு பிஸ்கட்டும் வைத்தேன். இரண்டாவது பிஸ்கட் தருகிற மனநிலையில் இல்லை.

"சீப்ராண்ட் ஒவ்வொரு புல்லையும் வர்ணிக்கிறார். 'இப்போ ஒரு வாத்து, ரூலீன். இன்னொரு வாத்து, ரூலீன்.' செத்தேன். சான்று வாங்கினியா இல்லையா?"

"நல்லா சிரிச்சிட்டுத்தானே போனே?"

"வாத்து மேல ஏத்தப் பாத்தார். சிரிக்காம? நீ பேச்ச மாத்தாத."

சொல்லிவிட்டேன். ப்ராக்ரஸிவ், லென்ஸ், லேசர் எல்லாவற்றையும். கடைசியில் பழைய கண்ணாடியையும். இரண்டு வருடம் என்று சொல்லும்போது அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு வருஷமா அரைக்கண்ணோட என்னை ஏத்திக்கிட்டுப் போயிருக்க."

"சீட்டைப் படிக்கணும்ல?"

"எந்தச் சீட்டு? வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன்ல எனக்கு வரிசையா வாசிச்சுக் காட்டுவியே, அந்த நம்பரா?"

"அதேதான்."

கடகடவென்று ஒப்பித்தாள். ஏப்ரல் பதிமூன்றாம் தேதி வழி முழுவதையும். அதற்கு முந்தைய வாரத்தையும். நாள் முழுக்க ஜனங்கள் புகார் எண்ணையும் வீட்டு எண்ணையும் கொட்டுகிற காது அது.

"அப்போ நான் தப்பா திரும்பினப்ப?"

"தெரியும். ஒரு தடவ எரு மேட்டுக்கிட்ட போய் நின்னோமே? ரெண்டு சந்திக்கு முன்னாடியே தெரியும்."

"வாயத் திறந்து சொல்றதுக்கென்னடி!" கத்தினேன். நான் கத்துகிறவள் இல்லை.

"சொல்லிப் பார்த்தேன், மொத வருஷம். 'நான் பாத்துக்கறேன்'னு சொன்ன. உனக்குப் பின்னாடி நான் மூட்டை. மூட்டை வழி சொல்லுமா?"

நான் அப்படிச் சொன்னதாக நினைவில்லை. சொல்லியிருப்பேன். என் குரல் எப்படி இருந்திருக்கும் என்றுகூடத் தெரிகிறது.

அவள் காபி ஆறிப்போனது. மன்னிப்பு அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது வாசலில், "தூரத்த மட்டும் பாரேன். மிச்சத்த என்கிட்ட விடு. அவ்வளவு கஷ்டமா?" என்றாள்.

ஆமாம், கஷ்டம்தான்.

மே 16, வியாழன்

ஒக்கெமாவிடம் தூரத்துக்கு மட்டும் முழுப் பவரில், காற்று புகாமல் பக்கங்கள் வளைந்த சாதாரணக் கண்ணாடி ஒன்று சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "கிட்டத்துல ஒண்ணும் தெரியாதே, மேடம்?"

தெரிய வேண்டியதில்லை என்றேன். இந்த முறை சைக்கிளைக் கடைக்குள்ளேயே தள்ளிக்கொண்டு போய், அதன்மேல் குனிந்து உட்கார்ந்தபடி அளவெடுக்க வைத்தேன். சான்றைச் சீப்ராண்டுக்கு அனுப்பியாயிற்று. அவர் பதிலில் மூன்று ஆச்சரியக்குறிகள். வாத்துகளிடமிருந்து அவருக்கும் விடுதலை போலும்.

மே 25, சனி

ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். எதிர்காற்று. ஹேண்டில்பாரில் சீட்டு இல்லை. வேகத்தடை பதினொன்று, கம்பம் ஆறு. எல்லாவற்றையும் தூரத்திலேயே பார்த்தேன், சொன்னேன். அவள் ஒரு தடவைகூட முனகவில்லை. பாராட்டவும் இல்லை.

நாற்பத்தாறாம் சந்தியில் நின்றோம். பலகையில் இரண்டு அம்புக்குறிகள்: ஒன்று எழுபத்து மூன்றுக்கு, மற்றது பதினெட்டுக்கு. "பதினெட்டு," என்றாள் பின்னாலிருந்து. எழுபத்து மூன்று என்றுதான் எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. நேற்று வாசித்துக் காட்டியதே நான்தான். சட்டென்று கோபம் வந்தது. வாய்வரை வந்துவிட்டது.

பதினெட்டின் பக்கம் திருப்பினேன்.