சிவப்புப் பை

மார்ச் 4

அன்புள்ள குட்டிக்கு,

சுகமாக வீடு வந்து சேர்ந்தேன். உன் வீட்டில் இருந்த பத்து நாளும் நீ எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

தோல் டாக்டர் முடிவைச் சொல்லிவிட்டார். தொப்புளைச் சுற்றி அரிப்பாக ஆரம்பித்து இப்போது தோள் வரை ஏறியிருக்கும் கொப்புளங்கள் அம்மை இல்லை, ஒட்டும் நோயும் இல்லை. நஞ்சுக்கொடியை வேற்றாள் என்று நினைத்து என் ரத்தமே என் தோலைத் தாக்குகிறதாம். பிள்ளை பிறந்த பிறகு அடங்கும். அதுவரை ஸ்டீராய்டு மாத்திரை.

“நாப்பத்திரண்டு வயசுல புள்ள உண்டானா உன் ரத்தத்துக்கே நம்ப முடியலை போல” என்றார் உன் மாமா. சிரித்தேன். சிரித்ததாகத்தான் ஞாபகம்.

கிளம்பின அன்று காலை, குளியலறை மூலையில் என் படுக்கை விரிப்பைப் பார்த்தேன். சிவப்புப் பையில் கட்டி வைத்திருந்தாய். நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் சிவப்புப் பைக்குள் எது போகும் என்று எனக்குச் சொன்னவளே நீதான்.

விளக்கம் கேட்கவில்லை. பார்த்தேன் என்று தெரியப்படுத்துகிறேன், அவ்வளவுதான்.

அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு சலவை இயந்திரங்களுக்கு நடுவே நின்று படித்தேன்.

பதினெட்டு வருஷமாக, நீர் கசிந்த துணியைக் கண்டால் என் கை சிவப்புப் பையைத்தான் எடுக்கிறது. தொற்றுத் துணி, தனியாகக் கட்டு, வெறுங்கையால் தொடாதே. யோசிப்பதற்குள் முடிச்சு விழுந்துவிடுகிறது. அது உன்னுடையது என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றாததுதான் தப்பு.

அவிழ்த்து, கையுறை இல்லாமல் துவைத்தேன். இப்போது அதில் நான்தான் படுக்கிறேன். “ஒரு பெட்ஷீட்டுக்கா இப்படி அழுவே?” என்கிறார் என் வீட்டுக்காரர்.

பிரசவத்துக்கு வரட்டுமா? பிள்ளையை முதலில் என் கையில் கொடுப்பதாகச் சொன்னாயே. வேண்டாம் என்றாலும் எழுது.

உன் குட்டி

ஏப்ரல் 2

அக்கா,

பதில் இல்லை. போனையும் எடுப்பதில்லை. மாமாவிடம் கேட்டால் “தூங்குறாம்மா” என்கிறார். நான் கூப்பிடும் நேரமெல்லாமா தூங்குவாய்?

லீவு எழுதி வைத்திருக்கிறேன். தேதி மட்டும் போடவில்லை.

குட்டி

ஏப்ரல் 19

அன்புள்ள குட்டிக்கு,

பதினாறாம் தேதி பையன் பிறந்தான். மூன்று வாரம் முந்திக்கொண்டான். இரண்டே கால் கிலோ. உனக்குச் சொல்ல வேண்டாம் என்றது நான்தான், மாமாவைத் திட்டாதே.

உன் மேல் கோபமா என்று எனக்குள் தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது, தொட்டாலும் கிள்ளினாலும் ஒன்றுதான்.

எனக்குக் கொப்புளங்கள் இன்னும் கூடியிருக்கின்றன, பிரசவமானதும் கொஞ்ச நாள் ஏறிவிட்டுத்தான் அடங்குமாம். அவனுக்கும் வயிற்றில் நான்கு. என் ரத்தத்திலிருந்து போனது, சில வாரத்தில் தானாக மறையும் என்கிறார்கள். ஒட்டாது என்று எனக்குத் தெரியாதா?

நேற்று மத்தியானம் அழுதான். அறையில் வேறு யாரும் இல்லை. தூக்கக் குனிந்தபோதுதான் கவனித்தேன். என் இரண்டு கைகளிலும் துண்டைச் சுற்றியிருந்தேன். என் கையில் ஒரு கொப்புளம்கூடக் கிடையாது. அவனுடையது என் மேல் படாமல் இருக்கத்தான் சுற்றியிருக்கிறேன். எப்போது சுற்றினேன் என்று தெரியவில்லை.

துண்டை அவிழ்க்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு தூக்கினேன்.

முதலில் உன் கையில் கொடுக்க முடியாமல் போனது, நர்ஸ் முந்திவிட்டாள். லீவுக்குத் தேதி போடு. வரும்போது அந்த விரிப்பைக் கொண்டு வா. இவனுக்கு விரிக்க வேண்டும்.

அக்கா