கத்தியதாகத்தான் நினைத்தேன்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதக் கை வரவில்லை. எனக்குப் பார்க்கின்சன் நோய். கண்டுபிடித்து ஒரு வருஷமாகிறது. கை நடுக்கத்தில் எழுத்து எறும்பு மாதிரி சிறுத்துவிட்டது, கண்ணாடி போட்டுக்கொண்டு படி.

டாக்டர் சொன்னதற்காகப் பேச்சுப் பயிற்சிக்குப் போகிறேன். சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்கு என் மகள் வயதுதான். "சார், கிரவுண்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிற பசங்கள கூப்பிடுங்க, பாப்போம்" என்கிறாள். முப்பது வருஷம் விளையாட்டு வாத்தியாராகத் தொண்டை கிழியக் கத்தியவனுக்கு வந்த கதியைப் பார்! தினமும் சொல்லிப் பழகப் பத்து வாக்கியம் கேட்டாள். ஒன்பது கொடுத்தேன். பத்தாவது உன்னிடம் சொன்னது, அதைக் கொடுக்க மனசு வரவில்லை.

அத்தான் போன அன்றைக்குப் போனில், "அக்கா, நான் இருக்கேன், இதோ கெளம்பிட்டேன்" என்று கதறினேன். நீ சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு, தூக்கிய பையைக் கீழே வைத்துவிட்டேன். அப்படி நான் என்னக்கா தப்பாகச் சொல்லிவிட்டேன்?

உன் தம்பி

மார்ச் 11

தம்பிக்கு,

கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். ஒரு வருஷமாக ஒருத்தர்கூட எனக்குச் சொல்லவில்லையே! மருந்தை வேளாவேளைக்குப் போடு.

அதற்காக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. நீ கதறவுமில்லை, ஒன்றுமில்லை. எத்தனை தடவை ஹலோ ஹலோ என்று கூப்பிட்டேன்! மூச்சுச் சத்தம்தான் வந்தது. அவர் உடம்பு கூடத்தில் கிடக்கிறது, கூடப்பிறந்தவன் வாயைத் திறக்காமல் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அந்த ஆத்திரத்தில்தான், "இனிமே எனக்குத் தம்பியே கெடையாது" என்று சொல்லி வைத்தேன். அதற்கப்புறம் நீ வரவுமில்லை. இரண்டு வருஷம் ஆகிறது. என் மேல் என்ன தப்பு?

அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் பயிற்சி தருகிற பெண்ணிடம் காட்டினேன். நியாயம் கேட்கத்தான் காட்டினேன். அவள் நியாயம் சொல்லவில்லை. "அன்னிக்கு எப்படிச் சொன்னீங்களோ அப்படியே சொல்லுங்க சார்" என்று போனில் பதிவு செய்தாள். கட்டடமே அதிரும் என்று நினைத்துக்கொண்டுதான் கத்தினேன். போட்டுக் காட்டினாள். ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. அதற்கடியில் யாரோ முணுமுணுத்தார்கள்.

இந்த நோயில் இப்படித்தான் ஆகுமாம். குரல் தேய்வது, தேய்கிறவனுக்குத் தெரியாதாம். நோயைக் கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தேய ஆரம்பித்திருக்கும் என்கிறாள். நானோ, வீட்டில் எல்லோருக்கும் காது மந்தம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்!

உன் மேல் தப்பில்லை அக்கா. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிடுகிறேன். பதில் சொல்ல வேண்டாம். எடுத்துக் கேட்டால் போதும்.

உன் தம்பி

மார்ச் 27

என் தம்பிக்கு,

கேட்டேன்டா. ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். நடுவில் மூச்சு வாங்கியது உனக்கு, மறுபடி முதலிலிருந்து சொன்னாய். அடுப்படியிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்து, "மாமா குரலா அது?" என்றாள். பதில் வேண்டாம் என்றாய், நானும் சொல்லவில்லை. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன் என்பதுதான் நிஜம்.

நீ சொன்னது என்னிடம் வந்து சேர இரண்டு வருஷம் ஆயிற்று. நான் சொன்னதோ அந்த நிமிஷமே உன் காதில் விழுந்துவிட்டது. உனக்காவது வியாதி. எனக்கு ஒரு வியாதியும் இல்லையேடா, நன்றாகத் தெளிவாகத்தானே சொன்னேன். அதை எந்தப் பயிற்சிக்குப் போய்ச் சரிசெய்வேன்?

வெள்ளிக்கிழமை வருகிறேன். நீ எழுந்து வந்து கதவைத் திறக்க நேரமாகும். ஆகட்டும், நான் நிற்கிறேன்.

உன் அக்கா