தலைவரின் ஓட்டு

மார்ச் 3, செவ்வாய்

பாகப்பிரிவினை வழக்கு மறுபடி வாய்தா. கோர்ட்டிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் சிநேகிதன், அச்சகக்காரன், பாதியாக இளைத்துவிட்டான். இருவரும் சேர்ந்து ஆரம்பித்த கத்தோலிக்கச் சகோதரர் சபைக்கு இன்று நான் தலைவன். அவன் பதினோரு வருடமாக அதில் உறுப்பினனே இல்லை. முதல் மனைவி விட்டுப் போய், ஆறு வருடம் காத்திருந்து, ஒரு நர்ஸைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். கோயிலுக்கு வெளியே மறுமணம் செய்தவனுக்குச் சபையில் இடமில்லை என்ற விதிப்படி பெயரை நீக்கிக் கையெழுத்துப் போட்டவன் நான். விதியை எழுதியவனும் நான்.

“அந்த விதிப் புத்தகத்த அச்சடிச்சவன் நாந்தாண்டா,” என்றான். “ஒரு எழுத்துப்பிழை கிடையாது.” சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. அப்புறம் கேட்டான்: “என் பேரத் திரும்பச் சேத்துரு வக்கீலு. நம்ம சபை ஆளுங்க என் பெட்டியத் தூக்கிட்டுப் போகணும். வேற ஒண்ணும் வேணாம்.”

சரி என்றேன். வாயில் எவ்வளவு சுலபமாக வருகிறது.

மார்ச் 5

பங்குச் சாமியாரைப் பார்த்தேன். அடக்கப் பூசையைத் தானே வைப்பதாகவும் அதற்குத் தடையில்லை என்றும் சொன்னார். சபை விதி உங்கள் வீட்டு விவகாரம் என்று கைகழுவிவிட்டார். ஆக, கோயில்கூட மூடாத கதவை நான் மூடி வைத்திருக்கிறேன்.

மார்ச் 15, ஞாயிறு

பூசை முடிந்து கூட்டம். விதியைத் தளர்த்தச் செயலாளர் தீர்மானம் கொண்டுவந்தார். ஒருவனுக்குத் திறந்தால் நாளைக்கு எல்லாரும் வந்து நிற்பார்கள் என்றார் உபதலைவர். ஒரு மணி நேர வாக்குவாதம். கடைசியில் பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. சமமானால் தலைவர் ஓட்டுப் போட வேண்டும். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

இருப்பதைக் காப்பாற்றுவதே தலைவருக்கு மரபு என்றேன். குரல் நடுங்கவே இல்லை. கோர்ட்டில் பேசுகிற மாதிரியே வந்தது. தீர்மானம் தோற்றது.

ஏன் அப்படிச் செய்தேன்? மரபா? மண்ணாங்கட்டி. சிநேகிதனுக்காக விதிய வளைச்சுட்டான்னு நாலு பேர் சொல்லிடுவாங்கன்னு பயம். அவ்வளவுதான்.

மார்ச் 16

ஆஸ்பத்திரி வாசல் வரை போய்த் திரும்பினேன்.

மார்ச் 19, வியாழன்

காலை பத்தரைக்குப் போய்விட்டான். அவன் மனைவி போன் செய்தாள்.

“பேரச் சேத்தாச்சுன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன் அண்ணா,” என்றாள். “தப்பா?”

இல்லைம்மா என்றேன்.

மார்ச் 20

அடக்கம். பெட்டியைத் தூக்க மூன்று பேர்தான்: அச்சகத்து ஆட்கள் இருவர், அவன் மனைவியின் தம்பி. “அண்ணா, நீங்க ஒரு பக்கம் பிடிக்கிறீங்களா?” என்று கேட்டாள். தெருவுக்கு எதிர்ப்புறம் உபதலைவர் நின்றுகொண்டிருந்தார். முதுகுவலி என்று சொன்னேன்.

என் மனைவி கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் நான்காவது மூலையைப் பிடித்தாள். பையோடு பின்னால் நடந்தேன்.

மார்ச் 27

சாப்பாடு மேஜையில் இருக்கிறது. அவள் உள்ளே, கதவைச் சாத்திக்கொண்டு. இன்றோடு ஒரு வாரம்.

மே 17, ஞாயிறு

சபைத் தேர்தல். செயலாளர் விலகல் கடிதம் அனுப்பியிருந்தார். நான் எழுதியிருக்க வேண்டிய கடிதம். போட்டியின்றி, மூன்றாம் முறையாக, நானே தலைவன். சொந்தச் சிநேகிதன் விஷயத்தில்கூட விட்டுக்கொடுக்காத மனிதர் என்று உபதலைவர் புகழ்ந்தார். வெகுநேரம் கை தட்டினார்கள்.

எழுந்து நின்று நன்றி சொன்னேன்.