கொம்பனி டொக்டரின் மகளுக்கு

கண்டி,
07.09.1936

அன்பு மகள் டொரதிக்கு,

உன்னையும் மாப்பிள்ளை பற்றிக்கையும் தேவமாதா காக்கவேண்டும் என்று மன்றாடி அப்பா எழுதுவது.

இங்கே மழை விட்டபாடில்லை. அம்மா உனக்கென்று மாசிச் சம்பல் செய்து போத்தலில் போட்டு வைத்திருக்கிறாள். புசல்லாவையிலும் குளிர் கூடியிருக்கும். கம்பளிச் சட்டை இல்லாமல் பற்றிக்கைத் தேயிலை ஸ்டோருக்கு விடாதே.

போன வருஷம் நான் இந்த இன்சூரன்ஸ் கொம்பனிக்கு டொக்டரானபோது நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய். தோட்டத்துக் கிளாக்கர்மாருக்கு வருத்தம் வந்தால் ஆஸ்பத்திரிச் செலவைக் கொம்பனி கொடுக்கும், நல்ல காரியம்தானே என்று நானும் நினைத்தேன். சேரவருகிறவர்களைச் சோதித்து, பழைய வருத்தம் ஒன்றுவிடாமல் எழுதுவது என் வேலை. பழைய வருத்தக்காரரைக் கொம்பனி சேர்க்காது. அன்றிலிருந்து என் முன்னால் கதிரையில் இருக்கும் எவருக்கும் ஒரு நோயும் இல்லை. மனைவியோடு பிடித்த சண்டை வரை சொல்லி என் தலையைத் தின்றவர்கள், இப்போது நாக்கை நீட்டச் சொன்னாலும் யோசிக்கிறார்கள்.

ஹேவாஹெட்டைத் தோட்டத்துக் கிளாக்கர் பொன்னுத்துரையை உனக்குத் தெரியும், உன் கலியாணத்தில் பந்தி பார்த்தவர். சித்திரையில் சோதனைக்கு வந்தார். நெஞ்சில் குழல் வைத்தபோதே எனக்குச் சந்தேகம். இருமல் உண்டா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றார். வாயில் பெப்பர்மின்ற் மணத்தது. நம்பத்தான் எனக்கும் விருப்பமாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். பிறகு இரத்தமாக இருமியும் என்னிடம் வரவில்லை. போன மாதம் அவருடைய செத்தவீட்டுக்குப் போனேன். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா: “உங்களிட்டச் சொன்னால் எழுதிப்போடுவியள் எண்டு பயந்தவர், டொக்டர்.” இருபது வருஷம் என்னிடம் மருந்து குடித்த மனிதர், மகள்.

இப்போது பற்றிக்கின் விண்ணப்பம் என் மேசையில் கிடக்கிறது. என் மருமகன் என்று கொம்பனிக்கு எழுதினேன். இந்தப் பக்கம் வேறு டொக்டர் இல்லை, நீங்களே பாருங்கள் என்று பதில் வந்தது. சனிக்கிழமை சோதனை.

ஈஸ்டருக்கு வந்தபோது அவர் வாய் துடைக்கும் லேஞ்சியை நீ கிணற்றடியில் தனியாகக் கழுவினாய். தேயிலைத் தூசு, அதுதான் இருமல் என்றாய். லேஞ்சியில் இருந்த கறையை நான் கண்டேன். டொக்டர் கேட்டிருக்கவேண்டியதை அப்பன் கேட்கவில்லை. கேட்டால் எழுதவேண்டும். எழுதினால் அவருக்கு ஆஸ்பத்திரி இல்லை, எழுதாவிட்டால் பொய். நான் இந்த வேலையை விட்டால் கொம்பனி வெளியூரிலிருந்து வேறொருவரை அனுப்பும், அவரிடமும் நீங்கள் ஒளிப்பீர்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு வழி தெரியவில்லை.

சனி வரை நிற்காமல் வெள்ளிக்கிழமை பஸ்சில் அவரையும் கூட்டிக்கொண்டு வா. டிஸ்பென்சரிக்கு அல்ல, வீட்டுக்கு. எத்தனை நாளாக இரத்தம் வருகிறது என்று உண்மையைச் சொல்லு. சனிக்கிழமை நான் என்ன எழுதுவேன் என்று வாக்குத் தர என்னால் முடியவில்லை. ஆனாலும் சொல்லு, மகள்.

பெப்பர்மின்ற் கொடுத்து மட்டும் அவரை என்னிடம் அனுப்பிவிடாதே.

உன் அப்பா
மனுவேல்